ஒன்பதடி வட்டமும் அறுநூறு பேரும்

புதிய பேகன்கள் – 11

ஜெரால்ட் கார்ட்னரின் விதிப்படி சடங்கு வட்டத்தின் விட்டம் ஒன்பது அடி. தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளலாம், கயிறு போட்டும் குறிக்கலாம். பிறகு சடங்கை நடத்துபவர் கறுப்புப் பிடி போட்ட கத்தியை ஏந்தி, அதே வட்டத்தைக் காற்றில் இன்னொரு தடவை வரைவார். நடுவே பீடம். அதன்மேல் உப்பு, தண்ணீர், தூபம், மெழுகுவத்தி, மதுக் கிண்ணம். மிச்ச இடத்தில் பதின்மூன்று பேர் நிற்பதற்குள் ஒருவர் முழங்கை அடுத்தவர் விலாவில் இடித்துவிடும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் குழுவை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி.

இந்த நெருக்கடி வேண்டுமென்றே வைத்தது. கார்ட்னர் உருவாக்கிய விக்கா என்ற புதிய பேகன் சமயத்தின் அடிப்படை அலகு கோவன் என்ற சிறு குழு. உள்ளே வர வேண்டுமானால் தீட்சை பெற வேண்டும். தீட்சையில் மூன்று படிகள். சடங்கு நூலைக் குருவிடம் இரவல் வாங்கிக் கையாலேயே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பக்கத்து ஊரில் இன்னொரு கோவன் இருந்தாலும் அது இவர்களுக்குத் தெரியாது.

சென்ற இதழ்களைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: கார்ட்னர் 1884இல் லிவர்பூல் அருகே, மர வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்துமாக்காரர். 1900இல், பதினாறு வயதில், இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகினார். பிறகு போர்னியோ, மலாயா என்று நகர்ந்து, ஜோகூரில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்து, 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். அன்றைய இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம்மவர்கள்தான். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் எதையாவது பார்த்துத்தான் இவர் சடங்குகளை உண்டாக்கினாரோ என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அப்படி இல்லை. அவர் எடுத்தாண்ட சரக்கு பெரும்பாலும் ஐரோப்பியச் சரக்கு. ஃப்ரீமேசன் சங்கங்களின் தீட்சை முறை, சாலமோனின் பெயரில் உலவிய பழைய மந்திர ஏடுகள், மந்திரவாதி அலெய்ஸ்டர் குரோலியின் எழுத்துகள், இவற்றோடு கார்ட்னரின் கூட்டாளி டோரீன் வாலியன்ட்டின் கவித்துவம். 1951இல் இங்கிலாந்து தன் பழைய சூனியச் சட்டத்தை நீக்கியது. 1954இல் கார்ட்னர் இந்தச் சமயத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். 1964இல் கப்பல் பயணத்தின்போதே இறந்தார். அவரை அடக்கம் செய்தது துனிசில்.

அவர் இறந்த காலத்தில்தான் ரேமண்ட் பக்லேண்டும் அவர் மனைவியும் இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கோவன் தொடங்கினார்கள். அதுவும் ஒன்பதடி வட்டம்தான். ஆனால் அமெரிக்கா வேறு ஊர்.

அங்கே ஏற்கெனவே வேறு ரகப் பேகன்கள் முளைத்திருந்தார்கள். 1962இல் மிசௌரி மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் சிலர் ராபர்ட் ஹைன்லைனின் அறிவியல் புனைகதை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் வரும் கற்பனைச் சமயத்தை உண்மையிலேயே தொடங்கினார்கள். பெயர் சர்ச் ஆஃப் ஆல் வேர்ல்ட்ஸ். 1968இல் அதைச் சட்டப்படி பதிவும் செய்தார்கள். அவர்கள் நடத்திய ‘கிரீன் எக்’ பத்திரிகையில் கட்டுரைகளைவிட வாசகர் கடிதங்களுக்குத்தான் மவுசு. கலிபோர்னியாக்காரர் எழுதியதற்கு நியூயார்க்காரர் அடுத்த இதழில் மறுப்பு எழுதுவார், அதற்கு மறு மறுப்பு வரும். முகம் பார்க்காமலேயே சண்டை போட்டுக்கொண்டவர்கள் இவர்கள். நேரில் சந்திக்க ஆசை வந்தது இயல்புதான்.

சந்திக்க வைத்தவர் குருவோ பூசாரியோ அல்ல, ஒரு பதிப்பாளர். மின்னசோட்டாவில் லுவெலின் என்ற பதிப்பகத்தை வாங்கி நடத்திய கார்ல் வெஷ்க். சோதிடம், டாரட், மந்திரம் பற்றிய புத்தகங்கள்தான் அவருடைய தொழில். 1971இல் எழுத்தாளர்களையும் வாசகர்களையும் ஒரே கூரையின்கீழ் சேர்க்கும் விழா ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதன் பெயர் நாஸ்டிகான் ஆயிற்று. புத்தகம் விற்பதற்காக நடந்த விழாதான் என்பதை யாரும் மறைக்கவில்லை. சமய வரலாறு எழுதுகிறவர்கள் ஞானிகளுக்கு ஒதுக்கும் பக்கத்தில் கால்வாசியையாவது பதிப்பாளர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

அந்த விழாவில் கூடியவர்கள் 1973இல் அமெரிக்க விட்ச்களின் பேரவை என்று ஓர் அமைப்பை அறிவித்தார்கள். 1974 ஏப்ரலில் மினியாபொலிசில் 73 பேர் உட்கார்ந்து, தாங்கள் யார் என்பதற்குப் பதின்மூன்று கொள்கைகளை எழுதி முடித்தார்கள். நிலவின் வளர்பிறை தேய்பிறையோடும் பருவங்களோடும் ஒட்டி வாழ்வது, படைப்பாற்றலை ஆணாகவும் பெண்ணாகவும் காண்பது, சாத்தான் என்ற ஒன்றை நம்பாதது, மேலிருந்து ஆணையிடும் அதிகாரப் படிநிலையை ஏற்காதது, சேர வருகிறவரின் இனத்தையோ குலத்தையோ பார்க்காதது. பேரவை அதே ஆண்டில் கலைந்தும் போனது. உட்பூசல்தான். கொள்கைகள் மட்டும் பிழைத்தன. 1978இல் அமெரிக்க ராணுவம் தன் மதகுருமார்களுக்காக வெளியிட்ட கையேட்டில் விக்கா இடம்பெற்றபோது, இந்தப் பதின்மூன்றும் அதில் இடம்பிடித்தன.

ஓட்டல் அறைக்குள் நடந்தது அடுத்துக் காட்டுக்குப் போனது. சிகாகோ வட்டாரக் குழுக்கள் சேர்ந்து மிட்வெஸ்ட் பேகன் கவுன்சில் அமைத்து, 1970களின் பிற்பகுதியில் பான் பேகன் விழாவை நடத்தத் தொடங்கின. இந்தியானாவில் கூடாரம் அடித்துத் தங்கும் முகாம். 1980இல் அதற்கு ஏறத்தாழ 600 பேர் வந்தார்கள். அதுவரை அமெரிக்கப் பேகன்கள் இத்தனை பேர் ஓரிடத்தில் கூடியதில்லை. அந்த ஆண்டே ஏற்பாட்டாளர்களுக்குள் பிளவு வந்து, ஒரு விழா பல விழாவாயிற்று. 1980இலேயே செலீனா ஃபாக்சின் சர்க்கிள் அமைப்பு, கோடைக்காலத்தின் மிக நீண்ட பகலையொட்டி பேகன் ஸ்பிரிட் கேதரிங் என்ற ஒருவார முகாமைத் தொடங்கியது. 1981இல் மேற்கு வர்ஜீனியாவின் கூப்பர்ஸ் ராக் காட்டில் ஸ்டார்வுட் விழா. பத்தாண்டுக்குள் அமெரிக்கா முழுவதும் கோடை வந்தால் ஏதாவது ஒரு மூலையில் ஒரு பேகன் முகாம் நடந்துகொண்டிருக்கும் என்ற நிலை வந்துவிட்டது.

இந்த முகாம்களுக்கு முன்மாதிரி எது? கேட்டால் பலரும் பழைய கெல்டியத் திருவிழா, கிரேக்க மறைச்சடங்கு என்று ஆயிரமாண்டு பின்னே போவார்கள். எனக்குத் தெரிந்தவரை மூன்று முன்மாதிரிகளும் அவர்கள் காலத்து அமெரிக்காவிலேயே இருந்தன. கூடாரம், சமையல், பழங்கால உடை, தீ மூட்டி இரவு முழுக்க உட்காருவது எல்லாம் 1966இல் பெர்க்லியில் டயானா பாக்சன் வீட்டுக் கொல்லையில் தொடங்கிய எஸ்.சி.ஏ. என்ற இடைக்கால வாழ்க்கை ஆர்வலர் சங்கத்திலிருந்து வந்தவை. பாக்சன் பின்னாளில் பேகன் உலகின் முக்கிய எழுத்தாளர்களில் ஒருவரானார். சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டை, ஒரே நேரத்தில் ஐந்தாறு அறைகளில் நிகழ்ச்சி, அச்சடித்த நேர அட்டவணை ஆகியவை அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடுகளிலிருந்து வந்தன. மூன்றாவதுதான் முக்கியமானது. பயிலரங்கு. வட்டமாக உட்கார்ந்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு பயிற்சியைச் செய்து பார்த்து, கடைசியில் அவரவர் அனுபவத்தைச் சொல்வது என்ற அந்த வடிவம், 1962இல் கலிபோர்னியாவில் எசலன் நிறுவனம் தொடங்கியதையொட்டிப் பரவிய மனித ஆற்றல் இயக்கத்தின் கொடை.

பேகன் இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சடங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், பயிலரங்கை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் தீட்சை என்ற கதவை உடைத்தது பயிலரங்குதான். முன்பு ஒரு வருடமும் ஒரு நாளும் காத்திருந்து, குரு மனமிரங்கிச் சொல்லித் தந்ததை, இப்போது முற்பகல் பத்தரை மணிக்குப் பெரிய ஓக் மரத்தடியில் எவரும் உட்கார்ந்து கேட்கலாம். வட்டம் வரைவது எப்படி என்பதே ஒரு பயிலரங்கு. பறை கொட்டுவது, முகமூடி செய்வது, தேன் மது காய்ச்சுவது, மூலிகை பறிப்பது, ரூன் எழுத்துப் படிப்பது என்று கைவேலைப் பயிலரங்குகள் ஒருபுறம். குழந்தைகளை இந்தச் சமயத்தில் வளர்ப்பது எப்படி, விவாகரத்தில் பிள்ளைகளின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கில் சமயத்தைக் காட்டி எதிர்த்தரப்பு மிரட்டினால் என்ன செய்வது, சிறையில் இருக்கும் விக்கா கைதியைப் போய்ப் பார்ப்பது எப்படி என்பவை இன்னொரு புறம். குடியை விட்டவர்களுக்கான பன்னிரண்டு படிக் கூட்டமும் பல முகாம்களில் உண்டு. பக்கத்துக் கூடாரத்தில் தேன் மது ஓடும் இடத்தில் அது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

சத்தியம் செய்து காத்த ரகசியம் என்னவாயிற்று? பழைய கார்ட்னர் வழிக் கோவன்கள் இன்றும் தங்கள் நூலைக் காட்டுவதில்லை. ஆனால் முகாமுக்குப் பொதுவான ஒரு மொழி தேவைப்பட்டது. எந்த ஊர்க்காரரும் எந்தக் குழுவினரும் வந்து சேர்ந்துகொள்ளக்கூடிய ஒரு சடங்கு. யாருடைய சத்தியத்தையும் மீறாத, யாருடைய சொத்தும் அல்லாத ஒன்று. அதைத்தான் பயிலரங்குகள் உண்டாக்கின. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம் என்ற நாற்றிசை அழைப்பு அப்படிப் பொதுச்சொத்தாயிற்று. ஆண்டின் எட்டுத் திருநாட்களும் அப்படியே. அவற்றில் சிலவற்றுக்கு இன்று வழங்கும் லீத்தா, மேபன் என்ற பெயர்களை வைத்தவர் ஏடன் கெல்லி என்ற கலிபோர்னியாக்காரர். வைத்தது 1974இல். புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் அவற்றை ஆதிகாலப் பெயர்கள் என்றே நம்பிக் கொண்டாடுகிறார்கள். ஒருவகையில் எல்லாத் திருவிழாப் பெயருக்கும் நடப்பதுதான்.

பாட்டுகள் இன்னும் வேகமாகப் பரவின. முகாமில் ஒருமுறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் இரண்டு வரி, நான்கு வரிப் பாட்டுகள். தீயைச் சுற்றி நூறு தடவை பாடி, ஊருக்குத் திரும்பியதும் தங்கள் சிறு குழுவுக்குச் சொல்லித் தந்தார்கள். எழுதியவர் பெயர் தெரியாமலேயே அவை கண்டம் தாண்டின. டீனா மெட்ஸ்கர் என்ற கவிஞர் ஏழு பெண் தெய்வங்களின் பெயரை அடுக்கி மட்டுமே ஒரு பாட்டு அமைத்தார். வினைச்சொல்கூட இல்லாத பாட்டு. அந்த ஏழில் எகிப்தும் கிரேக்கமும் சுமேரும் உண்டு. நம் காளியும் உண்டு. ஒஹையோ மாநிலக் காட்டில் நள்ளிரவில் நூற்றுக்கணக்கானோர் காளியின் பெயரைச் சொல்லி ஆடுவது இப்படித்தான் வந்தது.

இப்போது அந்த அறுநூறு பேருக்கு வருவோம். பதின்மூன்று பேருக்காக எழுதிய சடங்கை மைதானத்தில் நடத்திப் பார்த்தபோது என்னென்ன தவறிப்போயின என்பது தனிக்கதை. திசையை அழைப்பவர் அந்தத் திசையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அறைக்குள் அது சரி. மைதானத்தில் அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டுகிறார், சொன்னதைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது, எதிர்ப்புறம் இருநூறு பேருக்கு எதுவும் கேட்பதில்லை. உப்புத் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவரையும் தூய்மை செய்து உள்ளே விடுவதென்றால் வாசலில் கடைசி ஆள் நுழைவதற்குள் முதலில் வந்தவருக்குக் கால் கடுத்துவிடும். குழந்தை அழும், கழிப்பறைக்கு ஓட வேண்டிவரும். ஆனால் வரைந்த வட்டத்தை விட்டு நடுவில் வெளியேறக்கூடாது என்பது விதி. வெளியேற வேண்டுமானால் ஒருவர் கத்தியால் காற்றில் வாசல் வெட்டித் தர வேண்டும்.

எல்லாவற்றையும் விட மோசம், ரொட்டியும் மதுவும். விக்கா சடங்கின் முடிவில் ஒரே கிண்ணத்தில் மதுவையும் ஒரே தட்டில் ரொட்டியையும் கைமாற்றி உண்பார்கள். பதின்மூன்று பேருக்கு இரண்டு மூன்று நிமிடம். ஐந்நூறு பேருக்கு, ஆளுக்குப் பத்து வினாடி என்று வைத்தாலும் எண்பது நிமிடத்துக்கு மேல். எழுப்பிய பரவசமெல்லாம் வடிந்துபோய், வைகுண்ட ஏகாதசிக்குப் பிரசாத வரிசையில் நிற்பதுபோல் நின்று அலுப்பார்கள்.

அனுபவம்தான் வழி காட்டியது. திசையை அழைப்பவர்கள் வட்டத்தின் நடுவுக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். நீண்ட உரைகளை வெட்டினார்கள். அந்த இடத்தில் ஆளுயரப் பொம்மைகள், கொடிகள், பறையொலி வந்தன. ஒருவர் ஒரு வரி சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்லும் முறை வந்தது. ரொட்டிக் கூடைகள் ஒரே நேரத்தில் பத்து இடங்களிலிருந்து கிளம்பின. சடங்கில் பாடப்போகிற பாட்டை அன்று பிற்பகலே ஒரு பயிலரங்கில் சொல்லித்தந்துவிடுவது பல முகாம்களின் வழக்கமாயிற்று. பயிலரங்குக்கும் சடங்குக்கும் இருந்த கோடு அங்கேதான் அழிந்தது. பகலில் ஒத்திகை, இரவில் வழிபாடு.

ஐசக் பானவிட்ஸ் இதில் இன்னும் ஒருபடி மேலே போனார். 1970இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மந்திரவியலில் இளங்கலைப் பட்டம் வாங்கியவர் அவர். அதிகாரிகள் அசந்த நேரத்தில் வாங்கிய பட்டம் என்று சொல்லலாம், ஏனெனில் அதற்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் அப்படியொரு பட்டம் யாருக்கும் தரவில்லை. 1983இல் அவர் தொடங்கிய ஏ.டி.எஃப். என்ற ட்ரூயிட் அமைப்பு, வட்டம் வரைவதையே விட்டுவிட்டது. கிணறு, நெருப்பு, மரம் ஆகிய மூன்றைச் சுற்றிச் சடங்கு. எல்லை இல்லாததால் குழந்தைகள் ஓடலாம், தாமதமாக வந்தவர் சேர்ந்துகொள்ளலாம். திருநாள் சடங்குகள் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பதையும் தன் கிளைகளுக்கு அது கட்டாயமாக்கியது. கார்ட்னர் பார்த்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்.

மேற்குக் கரையில் ஸ்டார்ஹாக் என்ற எழுத்தாளர் வேறொரு விடை கண்டார். 1979 அக்டோபர் 31 அன்று அவருடைய ‘தி ஸ்பைரல் டான்ஸ்’ வெளியானது. அதே நாளில் பத்திரிகையாளர் மார்கோ ஆட்லரின் ‘டிராயிங் டவுன் தி மூன்’ நூலும் வெளிவந்தது. உளவியலாளர் ஆல்ஃபிரெட் ஆட்லரின் பேத்தி அவர். ஸ்டார்ஹாக்கின் நூல் வெளியீட்டையொட்டி சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பொதுச் சடங்கு ஆண்டுதோறும் தொடர்ந்தது. அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை அதில் வாசிப்பார்கள். முடிவில் எல்லாரும் கைகோத்து நிற்க, முன்னால் இருப்பவர் வரிசையை உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டே போவார். நடுவை அடைந்ததும் சட்டென்று திரும்பி வந்தவழியே எதிரே நடப்பார். அப்போது உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நேருக்கு நேர் கடப்பார்கள். ஆயிரம் பேர் இருந்தாலும் வரிசை விரிந்து முடிவதற்குள் ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். பெரிய கூட்டத்துக்கென்றே அமைந்த சடங்கு. ஆள் குறைந்தால் அது எடுபடாது.

1986இல் ஆட்லர் தன் நூலைத் திருத்தி வெளியிட்டபோது, முதல் பதிப்புக்குப் பிறகு பேகன் உலகத்தின் முகத்தையே மாற்றியவை விழாக்கள்தான் என்று எழுதிச் சேர்த்தார். அவர் சொன்னது சரி. முகாமில் ஒருவாரம் இருந்தவர்கள் வெறும் விருந்தாளிகளாக இருக்கவில்லை. பேகன் ஸ்பிரிட் கேதரிங்கில் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் வேலை முறை உண்டு. வாசல் காவல், குப்பை, முதலுதவி, குழந்தைகள் பொறுப்பு என்று ஏதாவது ஒன்று. காலையில் ஊர்க்கூட்டம் கூடும். முந்தின இரவு பறைச்சத்தம் தூங்கவிடவில்லை என்பதில் தொடங்கி, தண்ணீர்க் குழாய் வரை எல்லாம் அங்கே பேசப்படும். படம் எடுப்பதற்கு முன் அதில் விழப்போகிறவர்களின் அனுமதி கேட்க வேண்டும். பலர் புனைபெயரில்தான் வந்திருப்பார்கள். ஆசிரியர், செவிலியர் வேலைக்கு ஊரில் ஆபத்து வரலாம் என்ற பயம் அவர்களுக்கு. 2001இல் சாரா பைக் என்ற ஆய்வாளர் இந்த முகாம்களைப் பற்றி எழுதிய நூலில், வீடு என்ற சொல்லை ஊருக்கு அல்ல, முகாமுக்கே பலர் பயன்படுத்துவதைப் பதிவு செய்திருக்கிறார்.

வீடு என்றால் சண்டையும் உண்டு. முகாம்களில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் வியர்வைக்குடில் சடங்கை வெள்ளையர்கள் பயிலரங்காக நடத்தத் தொடங்கியது பெரிய மனக்கசப்பை உண்டாக்கியது. 1993இல் லகோட்டா மக்களின் பிரதிநிதிகள், தங்கள் வழிபாட்டைச் சுரண்டுகிறவர்கள்மீது போர் தொடுப்பதாகவே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தக் கோபம் பேகன்களை மட்டும் குறிவைத்ததல்ல, ஆனால் அவர்களுக்கும் பொருந்தியது. சான் ஹோசே நகர ஓட்டலில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடந்த பாந்தியாகான் மாநாட்டில், 2011இல் பெண்களுக்கான சடங்கு ஒன்றில் திருநங்கைகளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அங்கே ஜுஜானா புடாபெஸ்ட் என்பவர் நடத்திய சடங்கு பிறப்பால் பெண்ணானவர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. அறைக்கு வெளியே பலர் வாய் திறக்காமல் உட்கார்ந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்ட இயக்கம், ‘எல்லாரும்’ என்பதில் யார் யார் என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிவந்தது. 2014இல் விழாக்களில் பிரபலமான ஓர் இசைக்கலைஞர் சிறார் ஆபாசப் படக் குற்றத்தில் கைதானார். அதற்குப் பிறகு பல முகாம்கள் சம்மதம், சிறார் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு எழுத்துபூர்வமான விதிகள் வகுத்தன. முப்பது வருடம் தாமதம் என்பதே என் எண்ணம். உடைகூட அவரவர் விருப்பம் என்று வைத்திருந்த இடத்தில் இந்த விதிகள் முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் முகாம்கள் சாதித்த ஒன்றை மறுக்க முடியாது. ஒருவரையொருவர் அறியாத குழுக்களுக்கு முகவரிப் பட்டியல் கிடைத்தது. அது எதற்குப் பயன்பட்டது என்பது 1985இல் தெரிந்தது. செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ், விட்ச்கிராஃப்ட் சமயங்களுக்கு வரிவிலக்கே கூடாது என்று ஒரு நிதி மசோதாவில் திருத்தம் சேர்த்தார். செனட் அதை நிறைவேற்றியும் விட்டது. முகாம்களில் சந்தித்தவர்கள் நாடு முழுவதிலுமிருந்து கடிதம் எழுதிக் குவித்தார்கள். இரு அவைகளின் கூட்டுக்குழுவில் திருத்தம் கைவிடப்பட்டது. 1986இல் வர்ஜீனியா சிறைக்கைதி ஒருவரின் வழக்கில், விக்காவும் சட்டப்படி ஒரு மதமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் கேட்ட வெள்ளை அங்கியையும் மெழுகுவத்தியையும் வட்டம் வரைய உப்பையும் மட்டும், பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சிறை மறுக்கலாம் என்று சொல்லிவிட்டது. செலீனா ஃபாக்சின் அமைப்பு 1983இல் விஸ்கான்சினில் 200 ஏக்கர் நிலம் வாங்கியபோது, அதை வழிபாட்டிடமாகப் பயன்படுத்த உள்ளூர் நிர்வாகம் தடை போட்டது. 1988 வரை போராடித்தான் அனுமதி வாங்கினார்கள். இந்தப் போராட்டங்களை நடத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை மறு ஆண்டு முகாமில் பயிலரங்காக நடத்தினார்கள். மூலிகைப் பாடத்துக்கு வந்த அதே கூட்டம் சட்டப் பாடத்துக்கும் வந்து உட்கார்ந்தது.

அதன் கடைசி விளைச்சல் ஒரு கல்லறையில் தெரிந்தது. அமெரிக்காவில் இறந்த படைவீரரின் கல்லறைக் கல்லில் அவர் சமயச் சின்னத்தை அரசே செதுக்கித் தரும். கிறிஸ்தவம், யூதம், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம் எல்லாவற்றுக்கும் சின்னம் இருந்தது. நாத்திகர்களுக்குக்கூட இருந்தது. விக்காவின் வட்டத்துக்குள் வரைந்த ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு மட்டும் இல்லை. 1990களிலிருந்து விண்ணப்பம் போட்டும் பதில் வரவில்லை. நெவாடா தேசியக் காவல் படை வீரர் ஒருவர் 2005 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அவருடைய நினைவுத் தகட்டின் இடத்தை வெறுமையாக விட்டுவைத்தார் அவர் மனைவி. முகாம்களில் இந்தச் செய்தி பரவியது, கையெழுத்துகள் குவிந்தன, 2006இல் சர்க்கிள் அமைப்பும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2007 ஏப்ரல் 23 அன்று அரசு சமரசத்துக்கு வந்தது. அரசுப் பட்டியலில் அந்த நட்சத்திரத்தின் வரிசை எண் 37.

பாந்தியாகான் 2020 பிப்ரவரியோடு நின்றுபோனது. பேகன் ஸ்பிரிட் கேதரிங் 2015இல் இல்லினாயில் வெள்ளத்தால் பாதியில் கலைந்தது, 2020இல் பெருந்தொற்றால் இணையத்துக்கு மாறியது. முகாமுக்கே போகாமல், எந்தக் கோவனிலும் சேராமல், புத்தகத்தையும் திரையையும் மட்டும் வைத்துத் தனியாகச் சடங்கு செய்யும் பேகன்கள்தான் இன்று அந்தச் சமயத்தில் பெரும்பான்மை. அவர்களுக்காக ஒரு நூலை எழுதி, கார்ட்னர் வழிக்காரர்களின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்ட ஸ்காட் கன்னிங்காமை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)